46 குதிரையும் ஒரு பால்கேன் வண்டியும்



மலர்க்குழு நண்பர்கள் என் அறைக்கு வந்து, "மச்சி, நீயும் ஏதாவது எழுதித் தா" என்றார்கள். "கவிதையா, கட்டுரையா?" என்று கேட்டேன். "ஐயோ, கவிதை வேண்டவே வேண்டாம்! ஏற்கெனவே 42 வந்து கெடக்கு. அதுல 38 காதல் கவிதை. பாக்கி நாலும் அம்மா கவிதை" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதனால் கட்டுரை. ஆனாலும் காதலை விட முடியுமா? இதுவும் ஒரு காதல் விவகாரம்தான். காதலிக்கு இரண்டு சக்கரம், ஒரு சிலிண்டர், ஆறு கியர். பெயர் கே.டி.எம். 390 டியூக்.

நம் கல்லூரி வாசலில் யாராவது இந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதலாமாண்டுப் பயல்கள் சுற்றி நின்று செல்ஃபி எடுப்பார்கள். கேண்டீன் அண்ணன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "லிட்டருக்கு எவ்வளவு தம்பி குடுக்கும்?" என்பார். "செம வண்டிடா" என்பான் ஒருவன். "அது எமன் வண்டி" என்பார் ஒரு பெரியவர். இரண்டு பேருமே அதை ஓட்டியதில்லை என்பதுதான் வேடிக்கை!

நான் ஓட்டியிருக்கிறேன். மூன்று நாள், 412 கிலோமீட்டர். அந்தத் தகுதி ஒன்றை வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அது கடைசியில்.

ஆடையில்லா வண்டி

இந்த வகை வண்டிக்கு 'நேக்கட்' என்று பெயர். விடுதிக் காப்பாளர் பதற வேண்டாம். பந்தய வண்டிகளுக்கு முன்னால் காற்றைக் கிழிக்க ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார்கள் அல்லவா, அது இல்லாத வண்டி என்று அர்த்தம். எஞ்சின், சட்டம், ரேடியேட்டர் எல்லாம் வெளியே தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு பந்தய வண்டியின் சரக்கு. 1993-இல் இத்தாலியின் டுகாட்டி கம்பெனி 'மான்ஸ்டர்' என்று ஒரு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மிகேல் கல்லூட்சி வரைந்தது. அதன் பிறகுதான் உலகமெங்கும் இந்த மோகம் பரவியது. அடுத்த வருடமே, 1994-இல், ஆஸ்திரியாவின் கே.டி.எம். தன் முதல் டியூக்கை இறக்கியது.

டியூக் நம் ஊருக்கு வந்த கதை நமக்குப் பெருமையான கதை. 2007-இல் பஜாஜ் ஆட்டோ அந்த ஆஸ்திரியக் கம்பெனியில் 14.5 சதவீதப் பங்கு வாங்கியது. 2012-இல் 200 டியூக், 2013-இல் 390 டியூக். இரண்டும் புனே அருகே சாகன் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் கப்பல் ஏறின. அந்த அசெம்பிளி லைனில் நிற்பவர்களில் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்களும் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். 2024 நவம்பரில் தாய்க் கம்பெனியே கடனில் மூழ்கி திவால் நடவடிக்கைக்குப் போனபோது, 2025-இல் பணம் கொடுத்துக் கைதூக்கிவிட்டது பஜாஜ்தான். (கடன் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். வண்டி செய்தவனையே கடன் விடவில்லை, வாங்குகிற நாம் எம்மாத்திரம்!)

எஞ்சின்: ஒரு சின்னக் கணக்கு

பொங்கல் விடுமுறைக்கு ஓசூரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் ஊருக்கு வந்தான். 2023 செப்டம்பரில் வந்த புது மாடல். சாவியை என் கையில் கொடுத்து, "மூணு நாள் நீயே வச்சுக்கோ. கீழ போட்டா மட்டும் ஊருக்கு வராத" என்றான். அண்ணன் என்றால் அப்படி இருக்கவேண்டும்.

நாம் மெக்கானிக்கல்காரர்கள். சீட்டில் உட்காருமுன் கணக்குப் போட்டுப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. சிலிண்டரின் உள்விட்டம் 89 மி.மீ. அதன் பரப்பு 62.2 சதுர செ.மீ. பழைய மாடலில் பிஸ்டன் ஓட்டம் 60 மி.மீ. பெருக்கினால் 373 சி.சி. புதியதில் ஓட்டத்தை 64 மி.மீ. ஆக்கிவிட்டார்கள். பெருக்கினால் 398 சி.சி. சொச்சம். 4 மி.மீ.யில் 25 சி.சி. கூடிவிட்டது!

இப்போது பக்கத்தில் நம் சென்னையில் செய்யும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ வைத்துப் பாருங்கள். 349 சி.சி., 20.2 குதிரைத்திறன். டியூக்குக்கு 46. சி.சி. கொஞ்சம்தான் அதிகம், திறன் மட்டும் எப்படி இரண்டு மடங்குக்கு மேல்? செமஸ்டரில் வந்தால் எழுதுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று சொல்கிறேன். என்ஃபீல்டில் உள்விட்டம் 72, ஓட்டம் 85.8. நீண்ட ஓட்டம். 6100 சுற்றிலேயே அதன் உச்சத் திறன் வந்துவிடும். டியூக்கில் விட்டம் பெரிசு, ஓட்டம் சின்னது. பெரிய விட்டத்தில் நான்கு பெரிய வால்வுகளுக்கு இடம் கிடைக்கிறது. ஓட்டம் குறைவதால் பிஸ்டன் அலுங்காமல் 8500 சுற்றுக்குப் போய் அங்கே 46 குதிரையைக் கொடுக்கிறது. இரட்டை கேம்ஷாஃப்ட், தண்ணீர்க் குளிரூட்டல், 12-க்கு மேல் அழுத்த விகிதம் எல்லாம் துணைக்கு நிற்கின்றன. என்ஃபீல்டு தப்பு என்று சொல்லவில்லை. அது கோயில் யானை. இது ஜல்லிக்கட்டுக் காளை. இரண்டுக்கும் வேலை வேறு.

39 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 6500 சுற்றில் வருகிறது. அந்த இடத்தில் திறன் எவ்வளவு என்று 2πNT/60 போட்டால் 26.5 கிலோவாட், அதாவது 36 குதிரை. 8500-இல் 46 குதிரை என்றால் அங்கே முறுக்குவிசை என்ன என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள். 38! 2000 சுற்று மேலே போயும் முறுக்குவிசை ஒன்றுதான் குறைந்திருக்கிறது. இந்த வண்டி எங்கே பிடித்து முறுக்கினாலும் இழுப்பதன் ரகசியம் அதுதான்.

ஏற்காடு மலையில்

சேலத்துப் பிள்ளைக்கு வண்டி கிடைத்தால் எங்கே போவான்? ஏற்காடுதான். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். பனி. அம்மா ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தன் எக்ஸ்.எல்.லில் இரண்டு பக்கமும் பால்கேனைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஸ்டார்ட் செய்ததும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

முதல் நூறு மீட்டரில் எனக்குப் புரிந்த விஷயம் ஒன்று. இதுவரை நான் ஓட்டியதெல்லாம் 'வண்டியைக் கிளப்புவது'. இது அப்படியில்லை. நாம் நினைப்பதற்கும் அது பாய்வதற்கும் நடுவே இடைவெளியே இல்லை. ஆக்ஸிலேட்டரில் கேபிள் கிடையாது. மின்சாரக் கட்டளைதான். கிளட்சைத் தொடாமலே கியர் மேலேயும் போகிறது, கீழேயும் வருகிறது. பெட்ரோலோடு சேர்த்து வண்டி எடை 168 கிலோ. ஆனால் ஓட ஆரம்பித்தால் சைக்கிள் போல வளைகிறது. முன்னால் 43 மி.மீ. தலைகீழ் ஃபோர்க். அதன் இறுக்கத்தை நாமே திருகி மாற்றிக்கொள்ளலாம். ஏழாவது வளைவுக்கு மேல் பயம் போய், பதினோராவது வளைவில் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். ஹெல்மெட்டுக்குள்ளே தனியாகச் சிரித்த ஒருவனை அன்று குரங்குகள் மட்டும்தான் பார்த்தன.

பிரேக் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். முன்னால் 320 மி.மீ. டிஸ்க், பின்னால் 240. வளைவில் சாய்ந்திருக்கும்போதும் எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று அளந்து வேலை செய்யும் ஏ.பி.எஸ். உண்டு. சக்கரம் வழுக்கினால் திறனைக் குறைக்கும் கட்டுப்பாடும் உண்டு. மழைக்கு ஒரு மோடு, தெருவுக்கு ஒரு மோடு, பந்தயத் தளத்துக்கு ஒரு மோடு. ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் கொட்டினால் மட்டும் கிடைத்த சமாச்சாரங்கள் இவை.

குறையே இல்லையா? உண்டு. ஆனால் அவை இந்த இன வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குணங்கள். ஒற்றைச் சிலிண்டர் என்றால் அதிர்வு இருக்கும். அதிக அழுத்த விகித எஞ்சின் டிராஃபிக்கில் நின்றால் சூடு தொடைக்குத்தான் வரும். காற்று உறை இல்லாததால் 100-க்கு மேல் போனால் நெஞ்சில் யாரோ கைவைத்துத் தள்ளுவது போல் இருக்கும். பின்சீட்டு பேருக்குத்தான். அம்மாவை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். இறங்கியதும், "இது வண்டியா, மரம் ஏறுறதா?" என்று கேட்டார். பால்கேன் மாட்ட ஒரு கொக்கிகூடக் கிடையாது என்பது அப்பாவின் விமரிசனம்.

மொத்தத்தில் என் தீர்ப்பு: அருமையான இயந்திரம். கொடுத்த காசுக்கு இவ்வளவு பொறியியல் கிடைப்பது அபூர்வம். 'எமன் வண்டி' என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குத் தயார். எமனுக்கு ஏ.பி.எஸ். தேவையில்லையே!

இனி, அந்தக் காரணம்

என் அறைத்தோழனை உங்களில் பலருக்குத் தெரியும். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாதடா" என்றான். போடவில்லை.

அவன் அப்பா விசைத்தறித் தொழிலாளி. வீட்டில் ஒரே வண்டி, என் வீட்டைப் போலவே ஒரு எக்ஸ்.எல். அதில்தான் ஓட்டப் பழகினான். 18 வயது முடிந்ததும் லைசென்ஸ் எடுத்தான். போன வருடம் அடம்பிடித்து, அப்பா பெயரில் தவணை போட்டு, பழைய வண்டி ஒன்றை வாங்கினான். டியூக் இல்லை. வேறொரு கம்பெனியின் பெரிய நேக்கட் வண்டி. கம்பெனி பெயர் எதற்கு? குற்றம் வண்டியின் மேல் இல்லை.

நான்காவது மாதம். அறுவடைக் காலம். நம் பக்கத்துக் கிராமச் சாலைகளில் கேழ்வரகுத் தாளைத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டிகள் மிதித்து மணி உதிரட்டும் என்று. சின்ன வயதிலிருந்து நாம் பார்க்கிற காட்சி. சாயங்காலம் ஆறு மணி. ஒரு வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் தாள்.

உயிர் தப்பியது. வலது மணிக்கட்டில் தகடு. முழங்கால் தசைநார் கிழிந்தது. ஐந்தாம் செமஸ்டர் செய்முறைத் தேர்வு போயிற்று. கேம்பஸ் நேர்முகத் தேர்வு அன்று அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தான். வண்டி போய்விட்டது, தவணை போகவில்லை. மாதம் பிறந்தால் மூன்றாம் தேதி அவன் அப்பா டியூ கட்டுகிறார். இல்லாத வண்டிக்கு!

அவன் ஊர் திரும்பிய பிறகு நானும் சிவில் துறை நண்பர்கள் இருவரும் அந்த வளைவுக்குப் போனோம். டேப் வைத்து அளந்தோம். 20 மீட்டர் நாண், நடுவில் வில்லின் உயரம் 83 செ.மீ. ஆரம் 60 மீட்டர் வந்தது. "எழுவதுக்கு மேல இருக்காதுடா" என்று அவன் சொல்லியிருந்தான். 72 என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 20 மீட்டர். v²/r போட்டால் 6.67. காய்ந்த நல்ல தார்ச்சாலை அதைத் தாங்கும். தாள் பரப்பிய சாலை அதில் பாதியைக்கூடத் தாங்காது.

அதே வளைவில் அவன் அப்பாவின் எக்ஸ்.எல். என்ன வேகத்தில் வரும்? 36. அதாவது விநாடிக்கு 10 மீட்டர். கணக்கு 1.67. தாளின் மேல் வழுக்கினாலும் காலை ஊன்றிக்கொண்டு, "அட, கேவுறு போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். வேகம் இரண்டு மடங்கு, கேட்கும் பிடிப்பு நான்கு மடங்கு. இதை நாம் முதலாமாண்டு இயற்பியலில் படித்தோம். மார்க் வாங்கினோம். சாலையில் விட்டுவிட்டோம்.

பிரேக்குக்கும் இதே கணக்குத்தான். 60 கி.மீ. வேகத்தில் நல்ல பிரேக் 20 மீட்டரில் நிறுத்தும் என்றால், 120-இல் அதே பிரேக்குக்கு 80 மீட்டர் வேண்டும். அதற்கு முன் நம் மூளை விழித்துக்கொள்ள ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியில் 60-இல் 17 மீட்டரும், 120-இல் 33 மீட்டரும் தாண்டியிருப்போம். கூட்டினால் 37-க்கு எதிராக 113. உலகத்தில் எந்தக் கம்பெனியின் ஏ.பி.எஸ்.ஸும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் 44.5 சதவீதம் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். பெரும்பாலும் சாதாரண வண்டிகள்தான். ஆகவே 46 குதிரை மட்டும் ஆளைக் கொல்வதில்லை. பழகாத கை கொல்கிறது.

ஏணியில் படி எங்கே?

இந்த விபத்துக்குப் பிறகு நோட்டீஸ் போர்டில் ஒரு சுற்றறிக்கை வந்தது. 200 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகள் வளாகத்துக்குள் வரக்கூடாது. மாணவர்களில் பாதிப்பேர் "அநியாயம்" என்றார்கள். பெற்றோர்கள் "நல்ல காரியம்" என்றார்கள். என் கருத்து இரண்டிலும் சேராது. வாசலுக்கு வெளியே டீக்கடையில் வண்டி நிற்கப் போகிறது, அவ்வளவுதான். தடை யாருக்கும் ஓட்டக் கற்றுத் தராது.

உண்மையான ஓட்டை எங்கே என்று சொல்கிறேன். நம் ஊரில் லைசென்ஸ் எப்படி எடுக்கிறோம்? யாரிடமாவது ஒரு 100 சி.சி. வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு போய், எட்டுப் போட்டு, கால் ஊன்றாமல் வந்தால் முடிந்தது. 'கியர் உள்ள மோட்டார் சைக்கிள்' என்று ஒரே வகை. 8 குதிரை ஸ்ப்ளெண்டருக்கும் அதே அட்டை. 46 குதிரை டியூக்குக்கும் அதே அட்டை. 200 குதிரை வண்டிக்கும் அதே அட்டை! என் தோழனின் எக்ஸ்.எல். 4.4 குதிரை. டியூக் போன்ற ஒரு வண்டியில் ஏறினால் ஒரே நாளில் பத்து மடங்கு. பத்தாவது படித்தவனை நேராக முதுகலை வகுப்பில் உட்கார வைத்த கதை.

ஐரோப்பாவில் அப்படியில்லை. 2013 ஜனவரி 19 முதல் அங்கே நடைமுறையில் இருக்கும் பொது விதியைப் பாருங்கள். முதல் படி 125 சி.சி., 11 கிலோவாட். அடுத்த படிக்கு 35 கிலோவாட் வரம்பு, அதுவும் ஒரு கிலோ எடைக்கு 0.2 கிலோவாட்டுக்கு மேல் போகக்கூடாது. அதில் இரண்டு வருடம் ஓட்டிய அனுபவத்தோடு மேலே உள்ள வரம்பில்லாத படிக்குப் போகலாம்.

டியூக்கின் 46 குதிரை என்பது 34 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. எடை 168 கிலோ. வகுத்துப் பாருங்கள். 0.2! புரிகிறதா நண்பர்களே? இந்த வண்டி தற்செயலாக இந்தத் திறனில் பிறக்கவில்லை. ஏணியின் இரண்டாம் படிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை இது. அங்கே 2011-இல் 125 டியூக், பிறகு 200, பிறகு 390 என்று படிப்படியாக வந்தது. நம் நாட்டுக்கு 2012-இல் 200, 2013-இல் 390 வந்துவிட்டன. 125 டியூக் எப்போது வந்தது தெரியுமா? 2018-இல்! மேல்படி முதலில் வந்தது, கீழ்ப்படி கடைசியில் வந்தது. கம்பெனியைக் குறை சொல்லி என்ன பயன்? சட்டம் படி கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

நம் அரசு இரு சக்கர வண்டியைப் பிரித்துப் பார்க்காமல் இல்லை. வரி போடும்போது நன்றாகவே பிரிக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரை 18 சதவீத ஜி.எஸ்.டி., அதற்கு மேல் 40 சதவீதம். வரிக்குக் கோடு கிழிக்கத் தெரிந்தவர்களுக்கு லைசென்ஸுக்கும் ஒரு கோடு கிழிக்க எவ்வளவு நேரமாகும்? இதுதான் என் கேள்வி. 18 வயதில் 15 குதிரை வரை, இரண்டு வருடம் கழித்து இன்னொரு தேர்வு, அதன் பிறகு பெரிய வண்டி. அந்தத் தேர்விலும் எட்டு மட்டும் போதாது. 50 கி.மீ. வேகத்தில் வந்து கோட்டில் நிறுத்திக் காட்டவேண்டும். இதைக் கேட்க நம்மைவிடத் தகுதியானவர்கள் யார்? நாளைக்கு அந்த வண்டியைச் செய்யப் போகிறவர்கள் நாம்தானே!

சட்டம் வரும்வரை

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை நாமே நமக்குப் படி வைத்துக்கொள்ளலாம். மாணவர் பேரவைக்கு இந்த மலரின் வாயிலாக இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, நம் விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில், ஆட்டோமொபைல் துறை ஆசிரியர்கள் முன்னிலையில், மாதம் ஒரு சனிக்கிழமை பிரேக் பயிற்சி. சுண்ணாம்பில் ஒரு கோடு. 30, 40, 50 வேகத்தில் வந்து நிறுத்தி, டேப்பில் அளந்து, நோட்டில் எழுதுவோம். நம் நம்பிக்கைக்கும் டேப்புக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அன்றே தெரிந்துவிடும். பெரிய வண்டி வைத்திருப்பவன் முதலில் வரட்டும்.

இரண்டு, அந்தச் சுற்றறிக்கையை மாற்றச் சொல்லிக் கேட்போம். "பெரிய வண்டி வரக்கூடாது" என்பதற்குப் பதில், "இந்தப் பயிற்சி முடித்தவன், ஹெல்மெட்டோடு வரலாம்" என்று. தடையைவிட அது நல்லது.

கடைசியாக என் கதை. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போன மறுநாள் நானும் ஒரு ஷோரூமுக்குப் போய்த் தவணை விண்ணப்பம் வாங்கி வந்தேன். 2023-இல் இந்த மாடல் வந்தபோது ஷோரூம் விலை 3.11 லட்சம். டிப்ளமோ முடித்த அப்ரண்டிஸுக்கு 2019 விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 8,000. வகுத்தேன். 39 மாதம். சாப்பிடாமல், பஸ் ஏறாமல், வீட்டுக்கு ஒரு ரூபாய் அனுப்பாமல் 39 மாதம். பதிவு, காப்பீடு, வட்டி, செயின் செட், டயர் எல்லாம் தனி.

விண்ணப்பத்தில் 'ஜாமீன் கையெழுத்து' என்று ஓர் இடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். அவர் கேனைக் கழுவிக்கொண்டிருந்தார். "எங்க போடணும்?" என்று கையைத் துடைத்தார். படிக்கவில்லை. எவ்வளவு என்று கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கேட்காததால் என்னால் காட்ட முடியவில்லை. "இல்லப்பா, காலேஜ் ஃபாரம். அப்புறம் போட்டுக்கலாம்" என்று திரும்பி வந்துவிட்டேன். அது இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. கிழித்துப் போடவில்லை. ஏன் கிழிக்கவேண்டும்? அந்த வண்டி எனக்கு வேண்டும். ஆசை ஒன்றும் தப்பில்லை.

ஆனால் வரிசை இருக்கிறது. முதலில் வேலை. அப்புறம் ஒரு பழைய 150 சி.சி. வண்டி. மழையில், மணலில், கேழ்வரகுத் தாளில் இரண்டு வருடம். நிறுத்தக் கற்றுக்கொண்ட பிறகு ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். அதன்பின் ஒருநாள் சொந்தச் சம்பளத்தில், என் கையெழுத்து மட்டும் போட்டு அந்த ஆரஞ்சு வண்டியை எடுத்துக்கொண்டு இதே கல்லூரி வாசலுக்கு வருவேன். கேண்டீன் அண்ணன் அப்போதும் மைலேஜ்தான் கேட்பார். (லிட்டருக்கு 28 கொடுத்தது அண்ணே!)

என் அறைத்தோழன் இப்போது இடது கையால் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கப் பழகுகிறான். விட்டுப்போன செய்முறைத் தேர்வை வரும் ஏப்ரலில் எழுதுகிறான். இந்தக் கட்டுரையை அவனுக்குத்தான் முதலில் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னான்.

"அந்த வளைவுல ஒரு போர்டு வைக்கச் சொல்லி எழுதுடா."

எழுதிவிட்டேன், மச்சி.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை